உப்பாத ஆறு பலூன்கள்

அன்பு மகளுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்து என் ஆறு பாட்டில்களையும் கொட்டிக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனது அநியாயம். மற்றபடி இங்கு நான் நலம். அங்கு மாப்பிள்ளையும் பேத்தியும் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

அவை கெட்டுப்போன பழச்சாறு இல்லை, சாட்சிகள். ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட் உயிருள்ளது; வெதுவெதுப்பான தண்ணீரில் சர்க்கரையோடு கலந்தால் தின்று மூச்சு விடும், பாட்டில் வாயில் மாட்டிய பலூன் உப்பும்; தண்ணீரில் விஷம் இருந்தால் மூச்சு அடங்கிவிடும். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நூலகத்துப் புத்தகத்தை நாலு முறை படித்துத் தெரிந்துகொண்டேன். நம் கிணற்றுத் தண்ணீரை ஆறு பாட்டிலில் ஊற்றி, ஜன்னலோரம் வரிசையாக வைத்து, நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்தேன். இந்த வீட்டில் மூச்சு விட என்னைத் தவிர ஆறு பேர் கிடைத்தார்கள் என்று ஒரு நினைப்பு. மூன்று நாள் பார்த்தேன், ஒரு பலூனும் தலை தூக்கவில்லை. வேறென்ன அத்தாட்சி வேண்டும்? பின்னால் இருக்கும் முலாம் பட்டறைக்காரர் கழிவைக் கால்வாயில் விடுகிறார், அது கிணற்றில் இறங்குகிறது, அதனால்தான் இங்கே தங்கியிருந்தபோது பேத்திக்கு வயிற்றுவலி வந்தது, அதனால்தான் மூன்று வருஷமாக நீங்கள் யாரும் வந்து தங்குவதில்லை. பட்டறை வாசலில் நின்று இதையெல்லாம் சொன்னேன். "பெரியவரே, உங்க கிணத்துக்கும் எங்க கிணத்துக்கும் ஒரே ஊத்துதான்" என்று சொல்லி ஒரு டம்ளர் மொண்டு என் கண்ணெதிரே குடித்தார். நடிப்பு.

மூன்று மனுவுக்குப் பிறகு திங்கட்கிழமை குடிநீர் இலாகா இன்ஜினியர் வந்தால், காட்ட என்னிடம் இருந்தது பளபளவென்று ஆறு காலி பாட்டில். நல்லா கழுவியிருக்கீங்க சார் என்றார். நல்ல தண்ணீர் ஊற்றி ஒரு பாட்டில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேனா என்று வேறு கேட்டார். ஒழுங்கானவனைப் பிடித்து எவனாவது விசாரிப்பானா? அப்படியே சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் கைப்பையில் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்திருந்தாய். பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன். கிளம்பும்போது, "தனியா உட்கார்ந்து என்னத்தையோ பண்ணிக்கிட்டு இருக்கீங்கப்பா, பூட்டிட்டு எங்ககூட வந்துடுங்க" என்றாய். குற்றவாளி பட்டறையைத் திறந்து வைத்திருக்க, நான் எதற்கு வீட்டைப் பூட்ட வேண்டும்?

மாப்பிள்ளைக்கு என் அன்பு, பேத்திக்கு நெற்றியில் ஒரு முத்தம், உனக்குப் பாட்டில் விஷயம் நீங்கலாக எல்லா ஆசியும்.

அப்பா

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். இன்ஜினியர் வாயை அடைக்க, கடையில் வாங்கிய தண்ணீரில் ஒரு பாட்டில் வைத்தேன். அதுவும் உப்பவில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு ஈஸ்ட் பாக்கெட்டைப் பார்த்தேன். காலாவதியாகி இரண்டு வருஷம். நீங்கள் கடைசியாக வந்து தங்கியபோது ரொட்டி சுட நீ வாங்கி மிச்சம் வைத்தது. ஆக, மேலே எழுதியது எதுவும் நிற்காது. தண்ணீர் நல்லதாகவும் இருக்கலாம். பட்டறைக்காரரிடம் போய்ப் பேச வேண்டியது என் பாடு. இன்ஜினியர் இன்னொரு தரம் வர வேண்டும். மாப்பிள்ளை நாலு நாள் லீவு சொல்ல வேண்டும். புது பாக்கெட்டை நீ கையோடு கொண்டுவர வேண்டும், தபாலில் அனுப்பக் கூடாது. பலூன்களைப் பேத்தி மாட்ட வேண்டும். மூன்று நாள் எதிரே உட்கார்ந்து பார்க்க வேண்டும். நாலு நாற்காலியும் நான் துடைத்துப் போட்டு வைக்கிறேன்.