படப் பைக்குள் ஒரு இலிஷ்

ஒரே வீட்டில் இரண்டு தொழில் பார்க்கிறவர்களுக்கு நிம்மதி கிடையாது. என்றைக்காவது ஒரு தொழில் இன்னொன்றின் பைக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும். என் விஷயத்தில் அது நிஜமாகவே நடந்தது.

நான் பிழைப்புக்குக் குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் போடுகிறேன். ஆசைக்கு ஸ்டில் லைஃப் வரைகிறேன்: பழம், கிண்ணம், துணியின் மடிப்பு. முதலாவதில் எல்லாம் துள்ள வேண்டும்; இரண்டாவதில் எதுவும் அசையக் கூடாது. (என் கைக்கு இந்த வித்தியாசம் சரியாகப் பிடிபடாது. ஒருமுறை நான் வரைந்த கத்திரிக்காயைப் பார்த்து, "இது ஏன் சிரிக்கு?" என்று கேட்டார் என் கணவர் சங்கர்.)

அந்த மழைக்காலத்தில் ஒரு கண்காட்சிக்கு என் ஓவியம் ஒன்றைக் கேட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கொல்கத்தாவில் கண்காட்சி என்றால் வங்காளிகள் உயிரையே விடும் இலிஷ் மீனைத்தான் வரைய வேண்டும் என்று தீர்மானித்தேன். திருநெல்வேலிச் சைவக் குடும்பத்தில் பிறந்து, அதே போன்ற குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட நான் அதுவரை மீனைத் தொட்டதுகூட இல்லை. ஆனாலும் காலையிலேயே சந்தையில் போய் நின்றேன்.

"எப்படி வெட்டணும், பௌதி?" என்றார் மீன்காரர். (வங்காள மொழியில்தான்; பௌதி என்றால் அண்ணி. இந்த ஊர்ப் பேச்சையெல்லாம் என் தமிழில் சொல்கிறேன்.)

"வெட்ட வேண்டாம்."

"முழுசாவா? எப்படிச் சமைப்பீங்க?"

"சமைக்கல. பார்க்கப் போறேன்."

அவர் பக்கத்துக் கடைக்காரரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஐஸ் வைத்துக் கட்டிக் கொடுத்தார்.

அன்றைக்கே ஒரு குட்டி யானைக் கதைக்கான படங்களையும் கொடுத்தாக வேண்டும். பதிப்பாசிரியர் அனிமேஷ் பாபுவிடம் நான் ஏற்கெனவே பலமுறை தவணை வாங்கியிருந்தேன். "நாளைக்கு வரலைன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்" என்று முந்தைய நாள் சொல்லிவிட்டார். அவர் தரும் புத்தகங்கள் நின்றால் என் ஓவிய வாழ்க்கையும் நின்றுவிடும். நல்லவேளையாகப் படங்கள் தயார். பெரிய படப் பையில் போட்டு வாசலருகே சாய்த்து வைத்திருந்தேன். சாந்த்ராகாச்சி ஸ்டேஷனுக்குப் போய் ஊரிலிருந்து வரும் தன் அம்மாவை அழைத்து வந்து விட்டுவிட்டு, அலிப்பூர் ஆபீஸுக்குப் போகும் வழியில் சங்கர் அதைக் கொடுத்துவிடுவதாக ஏற்பாடு.

ரயில் தாமதமாகத்தான் வரும் என்று நானாகவே முடிவுகட்டி, பித்தளைத் தட்டில் மீனை வைத்து, பக்கத்தில் இரண்டு எலுமிச்சம்பழங்களையும் வைத்து வரைய ஆரம்பித்தேன். தலை பிரமாதமாக வந்தது. வாலுக்கு வரும்போது அழைப்பு மணி அடித்தது.

ரயில் சரியான நேரத்துக்கு வந்துவிட்டிருந்தது!

மீனை எங்கே ஒளிப்பது? ஃபிரிட்ஜில் முடியாது, அத்தை வந்ததும் முதலில் திறப்பது அதைத்தான். பால்கனியில் காக்கை. படுக்கையறையில்தான் அத்தை படுக்க வேண்டும். சங்கர் கிளம்புவதற்குள் எடுத்துவிடலாம் என்று, பிளாஸ்டிக் உறையில் சுற்றி, படப் பையின் பக்கவாட்டு அறையில் திணித்து ஜிப்பை இழுத்தேன். ஓவியத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டுக் கதவைத் திறந்தேன்.

அத்தை உள்ளே வந்ததும் மூக்கைச் சுருக்கினார். "ஏளா கோமதி, என்ன ஒரு மாதிரி வாடை அடிக்கி?"

"ஆயில் பெயின்ட் அத்தை."

"இந்த நாத்தத்துல எப்படித்தான் உக்காந்து வரையுதியோ, பாவம்!"

அந்தப் 'பாவம்' என்னைக் குத்தியது. ஓடிப்போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தேன். சங்கரைக் காணோம். பையையும் காணோம்.

பலமுறை போன் செய்த பிறகுதான் எடுத்தார். "இப்பதான் குடுத்துட்டு வெளிய வந்தேன். பை இன்னைக்கு நல்ல கனம். நிறைய வரைஞ்சிருக்க போல!" என்றார் என் கணவர், பெருமையாக.

அனிமேஷ் பாபுவைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. நீர்வண்ணத்தில் வரைந்த குட்டி யானை மீன்தண்ணீரில் கரைந்து ஓடுவது என் கண் முன்னால் திரும்பத் திரும்ப வந்தது. மதியம் ரசத்தில் உப்பை இரண்டு தடவை போட்டேன். அத்தை இன்னும் கொஞ்சம் சோறு போட்டுப் பிசைந்துகொண்டார்.

சாயங்காலம் மணி அடித்தது. அத்தைதான் கதவைத் திறந்தார். அனிமேஷ் பாபு நின்றிருந்தார். ஒரு கையில் என் பை. இன்னொரு கையில் டிபன் கேரியர்.

"நமஸ்காரம், மாஷிமா!" என்று, பெரியம்மாவைக் கூப்பிடுகிற மரியாதையோடு கேரியரை நீட்டினார். "உள்ள வாங்க, உக்காருங்க" என்று தமிழில் சொல்லி, அத்தை அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனார்.

"லேட்டானா எல்லாரும் சாக்குதான் அனுப்புவாங்க. இலிஷ் அனுப்பின ஆளு நீங்க ஒருத்தர்தான்!" என்றார் அனிமேஷ் பாபு. "என் மனைவிகிட்ட குடுத்துச் சமைக்கச் சொல்லி, உங்க பங்கைக் கொண்டுவந்திருக்கேன்."

"படங்கள்?" என்றேன்.

"ஒரு யானைக்கு மட்டும் காதுல ஈரம். மழைக் காட்சிதானே, இன்னும் நல்லாயிருக்கு. அடுத்த புத்தகமும் உங்களுக்குத்தான்."

காலையிலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்சை அப்போதுதான் விட்டேன். பாதி விட்டிருப்பேன். அடுக்களையில் தட்டு விழும் சத்தம் கேட்டது.

"ஏளா கோமதி! இதுல கண்ணு இருக்கு!"

இனி ஒளிக்க எதுவுமில்லை. சுவர்ப் பக்கம் திருப்பியிருந்த ஓவியத்தை எடுத்துக் காட்டி, இரண்டு பேருக்கும் இரண்டு மொழியில் எல்லாவற்றையும் சொன்னேன். அத்தை ஓவியத்தைப் பார்த்தார், கேரியரைப் பார்த்தார், கடைசியாக அனிமேஷ் பாபுவைப் பார்த்தார்.

"படம் போட்டுக் குடுக்கவுகளுக்கு இந்த ஊர்ல கூலி காசு கிடையாதா? மீனுதானா?"

சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்துவிட்டார். நான் மொழிபெயர்த்ததும் அனிமேஷ் பாபு நான் போட்டுக் கொடுத்திருந்த காப்பி சிந்தச் சிந்தச் சிரித்தார். போகும்போது கேரியரைக் கையோடு எடுத்துக்கொண்டு, "அடுத்த தடவை மீன் வரைஞ்சா, முடிச்சதும் கூப்பிடுங்க. நானே வந்து வாங்கிக்கறேன்" என்றார்.

வாலை ஞாபகத்திலிருந்து வரைந்து ஓவியத்தை முடித்தேன். கண்காட்சியில் அதைக் கழிப்பறைக்குப் போகும் வழியில் மாட்டியிருந்தார்கள். (அந்த வழியாக எல்லாரும் போனார்கள் என்பதுதான் ஆறுதல்.)

இப்போதும் எனக்குப் புதுப் புத்தகம் வந்தால் அத்தை போனில் கேட்கும் முதல் கேள்வி, "இதுக்குக் கூலி காசா, மீனா?" என்பதுதான். கதை சொந்தக்காரர்கள் அத்தனை பேர் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. போன மாதம் நெல்லையில் ஒரு கல்யாணத்தில், முன்பின் தெரியாத ஒரு பெரியவர் என்னை நிறுத்தி, "கல்கத்தாவுல மீனு கூலி வாங்குத பிள்ள நீதானா?" என்று கேட்டார்.

"ஆமா" என்று சொல்லிவிட்டேன். விளக்க ஆரம்பித்தால் பந்தி முடிந்துவிடும்.