புலி வேண்டாம், பானை தெரிகிற அறை போதும்

தி.நகர், சென்னை-17.

மசினகுடி விடுதி உரிமையாளர் அம்மா அவர்களுக்கு, தங்கம் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாரும் நலம். தங்கள் நலத்தை நான் கேட்கப்போவதில்லை.

எனக்கும் தங்களுக்கும் முன்பின் பழக்கம் கிடையாது. தாங்கள் என் கூடப்பிறந்த தங்கை சுப்புலட்சுமி என்பதும், இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் நம் அம்மாவின் பதினாறாம் நாள் விசேஷத்தன்று, கத்திரிப்பூக் கலர் சேலை கட்டிக்கொண்டு, இரண்டாம் பந்தியில் அப்பளத்தை நொறுக்கியபடியே, "பொங்கல் பானையா? நான் பார்க்கவே இல்லையே யக்கா" என்று சொன்னதும் இந்தக் கடிதத்துக்குச் சம்பந்தமில்லாத விஷயங்கள். நான் அறை பதிவு செய்ய எழுதுகிறேன்.

என் பேரன் ராகேஷ், லீவுக்கு முதுமலைக் காட்டுக்குப் போய்ப் புலி பார்க்கலாம் என்று வீட்டில் ஏழு பேரையும் கிளப்பிவிட்டான். போனில் விடுதிப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனான். தங்கள் விடுதியின் வாசல் படம் வந்ததும் "நிறுத்துலே!" என்று நான் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டு ஹாஜிரா பீ கரண்டியோடு மேலே ஓடி வந்துவிட்டாள். வாசற்படிக்கு இடப்பக்கம், அம்மாவின் பித்தளைப் பானை. அதற்குள் ஒரு குரோட்டன்ஸ் செடி! அம்மா அறுபது தைக்குப் பொங்கல் பொங்கிய பானையில் செடி நட உனக்குக் கை எப்படி வந்தது? மன்னிக்கவும், தங்களுக்கு.

வேறு பானையாக இருக்கும் என்று ராகேஷ் சொன்னான். விரலால் படத்தை விரித்துக் காட்டினேன். வாய் விளிம்பில் நெளிசல். ஏழு வயதில் நீ அந்தப் பானையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கழற்ற முடியாமல் தெருவெல்லாம் ஓடினாயே, நம் அய்யா பிடித்து நிறுத்தித் தேங்காயால் தட்டினாரே, தேங்காய் உடைந்தது, பானை நெளிந்தது, உன் தலைக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அந்த நெளிசல்.

ராகேஷுக்கு நீச்சல்குளம் உள்ள வேறு விடுதிதான் பிடித்திருந்தது. நான் இரண்டு வேளை சாப்பிடவில்லை.

"ஆச்சி, நாம புலி பாக்கத்தான போறோம்?"

"புலியப் பாத்து நான் என்னலே பேச? அதுவா என் பானைய எடுத்துச்சு?"

காட்டுக்குள் பளிச்சென்று உடுத்தக் கூடாதாம். அதனால் ரங்கநாதன் தெருவுக்குப் போய் ஏழு பேருக்கும் ஒரே பச்சையில் துணி எடுத்தேன். போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஹாஜிரா பீ எட்டிப் பார்த்து, "என்னா தங்கம்மா, பழனிக்கு மாலை போட்டுட்டீங்களா? சொல்லவே இல்ல" என்று வருத்தப்பட்டாள். அதோடு முடிந்ததா? பானையைச் சத்தமில்லாமல் கொண்டுவருவதற்கு ஒத்திகை பார்க்க வேண்டாமா? காடு என்றால் காட்டில்தானே பார்க்க வேண்டும் என்று, கிண்டி பூங்காவுக்கு ஒரு எவர்சில்வர் பானையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு போனேன். நன்றாகத்தான் நடந்தேன். திரும்பி வரும்போது வாசல் காவலாளி மறித்துவிட்டார்.

"ஆயா, இடுப்புல இன்னா கீது? மான் குட்டி கினா தூக்கினு போறியா?"

மூடியைத் திறந்து காட்டினேன். புளியோதரை. பேத்தி தீபிகா மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, நான் யாரோ என்பதுபோல் வானத்தைப் பார்த்தாள். காவலாளி இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு உப்பு கம்மி என்றார். அந்த மனுஷனையும் நான் மறக்கமாட்டேன்.

ஆகையால் எங்களுக்கு வேண்டியது இதுதான். ஜன்னலைத் திறந்தால் பானை தெரிகிற அறை. புலி, யானை, மலை எதுவும் தெரியவேண்டாம். சாப்பாடு உன் கையால் வேண்டாம், உன் ரசத்தில் மிளகு எப்போதும் தூக்கல். ராகேஷ் போன் போட்டபோது "வணக்கம், வாங்க" என்று எடுத்தது நீதான். குரல் கம்மியிருந்தது. காட்டுக் குளிரில் தலையில் துண்டு கட்டாமல் அலைகிறாய் போலிருக்கிறது. எனக்கென்ன.

தங்கை மாப்பிள்ளை சங்கரனுக்கு என் அன்பான விசாரிப்பு. அவர் நல்ல மனுஷர், மாட்டிக்கொண்டார். குழந்தை குட்டிகளுக்கு ஆசீர்வாதம். தங்களுக்கு ரசீது மட்டும் போதும்.

இப்படிக்கு,
அறை கேட்கும்
தங்கம்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்துவிட்டுப் பயணப்பெட்டியை இறக்க ராகேஷைப் பரணில் ஏற்றினேன். பெட்டிக்குப் பின்னால் ஒரு சாக்கு மூட்டை. "ஆச்சி, கனமா இருக்கு" என்றான். அவிழ்த்தோம். பானை. நெளிசலும் இருக்கிறது. யாரும் எடுத்துவிடக் கூடாதென்று நானே கட்டி மேலே போட்டிருக்கிறேன். சாக்கில் இருப்பது நான் போடும் முடிச்சு, ஊரில் வேறு யாருக்கும் அது வராது.

வீட்டில் ஒருத்தரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஹாஜிரா பீ மட்டும், "அப்ப அங்க இருக்கறது யாரு பானை?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அதிலிருந்து அந்தப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கடையில் வாங்குகிற பானை நெளிந்தா வரும்? அதே இடத்தில்? ஏட்டி சுப்பு, அம்மா பானை மாதிரி இருக்கட்டும் என்று நீயே தட்டி நெளித்தாயா?

மேலே எழுதியதைக் கிழிக்க மனசில்லை, இரண்டு நாள் கை வலிக்க எழுதியது. படித்துத் திட்டிக்கொள். அறையை மட்டும் ரத்து பண்ணிவிடாதே. பானையை மடியில் வைத்துக்கொண்டு வருகிறேன். செடியைப் பிடுங்கிவிட்டு உன் பானையை விளக்கி வை, இரண்டிலும் பொங்குவோம். மிளகு நீ போடாதே.