ஏழு மாடும் ஒரு வாக்கியமும்

தீபாவளி வந்து, பலகாரமும் தீர்ந்துபோன பிறகும், பத்தாம் வகுப்பில் ராசாங்கம் சார் இங்கிலீஷ் பாடத்தின் முதல் வாக்கியத்தைத் தாண்டவில்லை.

"அடுத்த வாரம் இன்ஸ்பெக்ஷன். போர்ஷன் எதுவரைக்கும் வந்துருக்கு சார்?" என்று கேட்டார் தலைமையாசிரியர் தங்கசாமி.

"மொத கமாவத் தாண்டிட்டோங்க சார்."

தங்கசாமி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

ராசாங்கம் வேலைக்குச் சேர்ந்து வருஷம்கூட ஆகவில்லை. வருகிற அதிகாரி நல்லபடியாக எழுதினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் ரஞ்சன்குடியில் மாமனாரின் உரக்கடையில் மூட்டை தூக்க வேண்டும். மூட்டை தூக்கும்போது தலையில் கட்டிக்கொள்ள மாமனார் ஒரு துண்டுகூட வாங்கி வைத்திருந்தார்.

அந்த எழுபத்தொன்பதாம் வருஷம் பள்ளிக்கூடம் திறந்தும் பாடப்புத்தகம் வந்து சேரவில்லை. ஆசிரியர் அறை பீரோவில் அகப்பட்ட, அட்டை கிழிந்துபோன ஒரு பழைய இங்கிலீஷ் புத்தகத்தை வைத்து ராசாங்கம் ஆரம்பித்தார். சர்க்கார் புத்தகம் வந்தபிறகும் இதை விடவில்லை. ஒரு வாக்கியத்தைப் பிழிந்து முடிக்காமல் அடுத்ததைப் பார்ப்பது அந்த வாக்கியத்துக்குச் செய்கிற துரோகம் என்பது அவர் கொள்கை. தன் கண்ணே தவறிப் போய்விடக் கூடாதென்று மீதிப் பக்கத்தின்மேல் சோற்றுப் பருக்கையால் செய்தித்தாளை ஒட்டியிருந்தார்.

வாக்கியம் இதுதான்: ஒரு கிழவன் சந்தைக்கு ஏழு மாடுகளை ஓட்டிப்போனான், இரண்டை விற்றான், வீடு திரும்பும் வழியில் ஒன்றைத் தொலைத்தான்.

கிழவனுக்கு ஏன் பெயரில்லை என்பதில் ஜூலை போயிற்று. மாடுகளுக்கு ஏன் நிறம் சொல்லவில்லை என்பதில் ஆகஸ்ட் போயிற்று. மூன்று வினைச்சொல்லும் ஏன் இத்தனை குட்டை என்பதற்குக் காலாண்டு விடுமுறையே குறுக்கே வந்துவிட்டது.

"சீக்கிரம் முடிச்சுத் தொலைங்க சார்!" என்றார் தங்கசாமி.

சீக்கிரம் முடிக்கத்தான் ராசாங்கம் வீட்டுப்பாடம் கொடுத்தார்: கிழவன் மாட்டை ஏன் தொலைத்தான், வீட்டில் கலந்து பேசி வரவும்.

மறுநாள் காலையில் பிள்ளைகளுக்கு முன்னால் அப்பன்மார் வந்து நின்றார்கள்.

"ஏன் சார், ஏழு மாட்ட ஓட்டுறவன் ஒத்தையாவா போவான்? மவன் எங்க?" என்றார் அரியமுத்து. அவருக்கு ஒன்பது மாடு.

"மவனப் பத்தி எழுதல பாரு, அதுலயே தெரியுது. வூட்டுல தகராறு. மாட்ட எங்கயோ ஒளிச்சு வச்சுட்டு, தொலைஞ்சுபோச்சுங்கறான் கெழவன்," என்றார் காசிநாதன். அவருக்கு மாடு இல்லை, மகன் உண்டு.

"ஒன் புத்திக்கு அப்புடித்தான்யா தோணும்!"

சாயங்காலத்துக்குள் ஊர் அரியமுத்துவின் 'தொலைத்தான்' கட்சி, காசிநாதனின் 'ஒளித்தான்' கட்சி என்று இரண்டாகிவிட்டது. இதைத் தீர்க்க ராசாங்கம் பள்ளி மைதானத்தில் ஒரு விவாதம் வைத்தார். தா.பழூரிலிருந்து டிராக்டரில் ஆள் வந்திறங்கியது. விவாதம் கைகலப்பாகி, ஏட்டையா வந்து, காணாமல்போன மாட்டின் அங்க அடையாளங்களை விசாரித்தார். விடிந்தால், கொடிக்கம்பத்தில் ஒரு மாடு கட்டிக் கிடந்தது.

"ரோட்டுல திரிஞ்சுச்சுங்க. அந்தப் பெரியவரு வந்தா குடுத்துடுங்க," என்றார் கட்டியவர்.

இன்ஸ்பெக்ஷன் அன்று அதிகாரி வந்திறங்கியபோது, அவருக்கு வாங்கி வைத்திருந்த மாலையின் கடைசி ரோஜாவை மாடு மென்றுகொண்டிருந்தது.

"ஆறு மாசத்துக்கு ஒரு வரி! போலீஸ் வேற மாடு தேடுதாமே!" அதிகாரி பேனா மூடியைக் கழற்றியபடியே வகுப்புக்குள் வந்தார். முன்வரிசைக் குஞ்சம்மாளை எழுப்பினார். "அடுத்த வரி என்ன, சொல்லு."

ராசாங்கத்துக்கு உரமூட்டை வாசனை அடித்தது.

குஞ்சம்மாள் இங்கிலீஷில் தொடங்கித் தமிழில் முடித்தாள். "தெரியாதுங்க ஐயா. இந்த வரியிலயே ஒரு சந்தேகம். அவன் போனதே விக்கத்தான். அத நடுவுல போட்டுட்டு, தொலைச்சத ஏன் கடைசியில வச்சாரு எழுதுனவரு?"

அதிகாரி யோசித்தார். "ஏன்? நீயே சொல்லேன்."

"வித்தது சந்தையோட போயிருச்சுங்க. கடைசியா சொன்னதுதானே நம்மகூட வூடு வரைக்கும் வரும்?"

"அவன் அழுதான்னு ஒரு வார்த்தை எழுதலையே?" என்றார் அதிகாரி.

"எழுதிட்டா நாம ஏன் ஐயா அழப்போறோம்?" என்றது கடைசி பெஞ்சு.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். ஜீப் டிரைவர் ஆரன் அடித்துப் பார்த்து, அலுத்து, தூங்கிப்போனார். பள்ளி விடும் மணி அடித்தபோது அதிகாரி 'ஒளித்தான்' கட்சியில் சேர்ந்து, வெளியே வேடிக்கை பார்க்க வந்திருந்த அரியமுத்துவோடு ஜன்னல் வழியாக மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார்.

"என் சர்வீஸ்ல இப்படி வாசிக்கிற பசங்களப் பாத்ததில்ல. வேலை நிரந்தரம்யா! மாவட்டம் பூரா இதே வாக்கியத்த நடத்தச் சொல்லி ஆர்டர் போடுறேன்!"

ராசாங்கத்தை ஊர் தோளில் தூக்கியது. இரு கட்சியும் ஆளுக்கொரு தோள் கொடுத்தன. அரியலூர் பஸ் ஊர்வலத்துக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றது. அதிலிருந்து, ஜூனில் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்த கணக்கு டீச்சர் சம்பூர்ணம் கைக்குழந்தையோடு இறங்கினாள்.

விஷயத்தைக் கேட்டு முகமெல்லாம் பூரித்து, தோள்மேல் இருந்தவரை அண்ணாந்து பார்த்தாள்.

"ரொம்ப சந்தோஷம் சார்! ஆமா, பீரோவுல நான் கான்வென்ட்ல படிச்ச பழைய கணக்குப் புஸ்தகம் ஒண்ணு வச்சிருந்தனே, பாத்தீங்களா? மொதப் பக்கத்துலயே, 'கெழவன்கிட்ட மிச்சம் எத்தனை மாடு'ன்னு ஒரு கணக்கு வரும்."