ஒட்டகத்தைப் பற்றி மாப்பிள்ளைக்கு ஒரு விண்ணப்பம்

பாளையங்கோட்டை,
ஐப்பசி, செவ்வாய்க்கிழமை மாலை.

ஜோத்பூரில் ஆராய்ச்சிப் பணியில் சிறந்து விளங்கும் மாப்பிள்ளை கணேஷ்ராம் அவர்களுக்கு, மாமனார் கோமதிசங்கர் எழுதிக்கொண்டது. நெல்லையப்பர் காந்திமதி கடாட்சத்தால் நானும் உங்கள் அத்தை வடிவம்மாளும் இங்கே உயிரோடு இருக்கிறோம். ‘நலம்’ என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பொய் எழுத உடம்பில் தெம்பில்லை. அங்கே நீங்களும் ராஜராஜேஸ்வரியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ‘ஒட்டகம்’ என்று ஆரம்பித்ததுமே ராஜி போனைப் பிடுங்கி, “அப்பா, அவங்க மீட்டிங்ல இருக்காங்க” என்கிறாள். கடிதத்தை நடுவில் பிடுங்க முடியாது என்பதால் எழுதுகிறேன். பொறுமையாகப் படிக்க வேண்டும்.

புரட்டாசியில் நீங்கள் வந்திருந்தபோது, நம் வாசகர் வட்டத்துக்காரர்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்க, ‘ஒட்டகப் பொருட்களின் உணவு, மருத்துவப் பயன்கள்: ஆய்வுகள் எங்கே போகின்றன?’ என்று ஒரு சொற்பொழிவு ஆற்றினீர்கள். ஆற்றிவிட்டு மறுநாள் ரயிலேறிவிட்டீர்கள். அன்றிலிருந்து ஆறாமல் இருப்பது நான். முதலில் உங்கள் வேலை என்னவென்று இந்தத் தெருவுக்கு விளக்குவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. உலகத்தில் யார் யார் ஒட்டகத்தை ஆராய்கிறார்கள், எந்த நாட்டில், எதைப் பற்றி, வருஷத்துக்கு வருஷம் கூடுகிறதா குறைகிறதா என்று ஆராய்வதுதான் மாப்பிள்ளையின் ஆராய்ச்சி என்றேன். எதிர்வீட்டுக் கலைச்செல்வி, “அப்போ ஒட்டகத்த நேர்ல பாக்கவே மாட்டாகளா?” என்று கேட்டாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், அப்படித்தான் கேட்பாள். நான் பேச்சை மழைக்கு மாற்றினேன்.

நீங்கள் நன்றாகத்தான் பேசினீர்கள். குறை சொல்லவில்லை. ஒட்டகப் பாலில் வைட்டமின் சி கூடுதல், இரும்புச்சத்து கூடுதல், பசும்பால் ஒத்துக்கொள்ளாத குழந்தைகள் சிலருக்கு இது ஒத்துக்கொள்ளலாம், இன்சுலின் போன்ற ஒரு பொருள் இருப்பதாகச் சொல்லும் ஆய்வுகள் கூடிக்கொண்டே போகின்றன என்று திரையில் மலை மாதிரி ஏறும் கோட்டைக் காட்டினீர்கள். முப்பது வருஷம் பால் கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து பசுவோடும் எருமையோடும் மாரடித்தவன் நான். எனக்கே சங்கத்தைத் தப்பான பிராணியை நம்பி நடத்திவிட்டோமோ என்று இருந்தது. அந்த நேரம் பார்த்து இடைவேளை விட்டார்கள். சபை வடை தின்றது, காப்பி குடித்தது, வீட்டுக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் நீங்கள், இதில் பெரும்பாலானவை எலியிலும் சோதனைக் குழாயிலும் பார்த்தவை, மனிதர்களிடம் பார்த்தது கொஞ்சம், அதுவும் சின்னச் சின்ன ஆய்வுகள், காய்ச்சாமல் குடித்தால் வேறு காய்ச்சல் வரும், யாரும் தங்கள் மருந்தை நிறுத்தக்கூடாது என்று சொன்னீர்கள். அதைக் கேட்டது நானும் மைக்செட்காரரும். உங்கள் அத்தையும் உட்கார்ந்திருந்தாள், ஆனால் தூங்கிவிட்டாள்.

ஆக, பாதிப் பேச்சு ஊருக்குள் போய்விட்டது. விடிந்ததும் நம் வீட்டு வாசலில் ஆட்கள். ஒருவருக்கு மூட்டுவலி, ஒருவருக்கு முடி கொட்டுகிறது, ஒருவர் திமில் கொழுப்பு கிடைக்குமா என்கிறார், இன்னொருவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டுப் போய், பாலை விடும், அந்த இன்னொன்று கிடைக்குமா என்று காதில் கேட்கிறார். நான் சைவ வேளாள குலத்தில் பிறந்து, வாசலில் நின்று ஒட்டக மூத்திரத்தின் பலாபலனைப் பற்றிப் பேசும்படி ஆனது. எல்லோரையும் எப்படியோ பேசி அனுப்பினேன். தேவசிகாமணியை மட்டும் அனுப்ப முடியவில்லை.

தேவசிகாமணியை உங்களுக்குத் தெரியும். உங்கள் கல்யாணத்தில் பந்தியை விசில் அடித்து ஒழுங்குபடுத்தினாரே, அந்த ரிட்டயர்டு டிரில் மாஸ்டர்தான். அடுத்த தெரு. இன்றைக்கும் முதுகு வளையாமல்தான் நடப்பார். ஆனால் சர்க்கரை நெடுங்காலமாக உண்டு. வயிற்றில் ஊசி, கூடவே மாத்திரை. கொஞ்ச நாளாகக் கால் சுண்டுவிரலில் ஒரு புண் ஆறாமல் இருந்தது. அவர் உங்கள் பேச்சின் முன்பாதியை எழுந்து நின்று கைதட்டிக் கேட்டவர். வந்து சொன்னார்: “வே, மாப்பிள்ளை கண்ணத் தொறந்துட்டாரு. நம்ம ஒரு ஒட்டகம் பிடிச்சிருவம்.”

பிடித்தே விட்டார். கங்கைகொண்டான் பக்கம் சுடலையாண்டி என்று ஒருவர், திருவிழாக்களிலும் பள்ளி ஆண்டு விழாக்களிலும் பிள்ளைகளை ஒட்டகத்தில் ஏற்றிச் சவாரி விடுகிறவர். அவரை எப்படியோ சம்மதிக்கவைத்து ஒட்டகத்தோடு கூட்டி வந்துவிட்டார். கட்ட இடம்? நம் கொல்லைதான். “ஆராய்ச்சிக்காரர் வீடுல்லா” என்றார். நான் பால் சங்கத்து ஆள். எந்தப் பிராணி வந்தாலும் முதலில் எங்கே பார்ப்பேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பார்த்தேன். பார்த்துவிட்டு ஒதுங்கி நின்றுகொண்டேன். தேவசிகாமணி, “ஒரு நேரத்துக்கு எவ்வளவு கறக்கும்?” என்று கேட்டார். சுடலையாண்டி திகைத்துப் போய், “அண்ணாச்சி, இது ஆம்பளைல்லா!” என்றார். “முதல்லயே சொல்லுததுக்கென்ன?” “நீங்க ஒட்டகம் வேணும்னுதான கேட்டிய? பாலுன்னு வாயத் தொறக்கலியே!”

இவ்வளவோடு முடிந்திருக்க வேண்டும். சுடலையாண்டிக்கு ஞாயிற்றுக்கிழமை சீவலப்பேரியில் ஏதோ சவாரி இருந்ததால், அதுவரை ஒட்டகம் இங்கேயே நிற்கட்டும் என்று விட்டுவிட்டுப் போனார். முருங்கையை மொட்டை அடித்தது. கொடியில் காய்ந்த என் வேட்டியில் பாதியைத் தின்றது. உங்கள் அத்தை அதற்குக் கழுநீர் வைத்து, “பாவம், கண்ணப் பாருங்க, மாப்பிள்ளை மாதிரியே இருக்கு” என்றாள். அவள் அன்பாகத்தான் சொன்னாள். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எனக்குத் தெரியாமல் நடந்ததுதான் விஷயம். தேவசிகாமணி, மாப்பிள்ளையிடம் சொல்லி ராஜஸ்தானத்திலிருந்து பெண் ஒட்டகம் வரவழைத்துவிடலாம் என்று முடிவுகட்டி, பால் வருவதற்கு முன்பாகவே ஊசியையும் மாத்திரையையும் நிறுத்திவிட்டார். ஒரு சொட்டு ஒட்டகப் பால் வாயில் படவில்லை, மாப்பிள்ளை. பால் வரப்போகிறது என்ற நம்பிக்கையிலேயே நிறுத்திவிட்டார். பழைய மருந்து உடம்பை விட்டுப் போனால்தான் புதிய மருந்து பிடிக்குமாம். இதைச் சொல்ல அவருக்கு எந்த ஆய்வும் தேவைப்படவில்லை.

அந்த ஞாயிறு காலை நடைக்குக் கூப்பிட வந்தவர் நம் வாசற்படியிலேயே சரிந்தார். தண்ணீர் தண்ணீர் என்று நாக்கு குழறுகிறது. என் சர்க்கரை மெஷினை எடுத்து அவர் விரலில் குத்தினேன். எண் வரவில்லை, இங்கிலீஷில் ‘ஹெச்’, ‘ஐ’ என்று இரண்டு எழுத்து வந்தது. உங்கள் அத்தை எட்டிப் பார்த்து, “ஹாய்னு சொல்லுது, நல்லதுதான?” என்றாள். அளக்க முடியாத உயரத்தில் இருந்தால் அப்படிக் காட்டும் என்பது எனக்குத் தெரியும். ஆட்டோவுக்குப் போன் போட்டால், ஆட்டோ தெருமுனையில் நிற்கிறது, உள்ளே வரவில்லை. ஏனென்றால் சீவலப்பேரி சவாரிக்காகச் சுடலையாண்டி அப்போதுதான் வந்து அவிழ்த்து ஓட்டிய ஒட்டகம், தெருவுக்குக் குறுக்கே காலை மடக்கிப் படுத்துவிட்டது. சுடலையாண்டி கெஞ்சுகிறார். “எந்திலே, எந்தி ராசா, ஒரு உசிரு கெடக்கு” என்று அழாத குறையாகக் கயிற்றைப் பிடித்து இழுக்கிறார். அது அசைபோட்டுக்கொண்டே எங்களைப் பார்க்கிறது. ஹாரன் அடித்தால் கண்ணை மூடிக்கொள்கிறது. கடைசியில் என் சாய்வு நாற்காலியில் தேவசிகாமணியை உட்காரவைத்து, நானும் சுடலையாண்டியும் முன்னால், கலைச்செல்வியும் ஆட்டோக்காரரும் பின்னால் பிடித்து, சுவருக்கும் ஒட்டகத்தின் வாலுக்கும் நடுவில் கிடந்த சந்தில் தூக்கிக்கொண்டு போனோம். அந்த நிலைமையிலும் மனுஷன், “ஸ்டெப் போட்டுத் தூக்குங்கவே, லெப்ட், ரைட்” என்று முனகினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

பெரியாஸ்பத்திரியில் பிழைக்கவைத்துவிட்டார்கள். காலை விட்டுவிட்டார்கள். சுண்டுவிரலை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

நினைவு தெளிந்த பிறகு நான் பக்கத்தில் உட்கார்ந்து வாய்க்கு வந்தபடி ஏசினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “காலைல எந்திரிச்சு வயித்துல குத்திக்கிட்டுத்தான் காப்பி குடிக்கேன். வருசக் கணக்கா இதே கததான். ஊசி போடுதவன் நோயாளி வே. பால் குடிக்கவன் மனுசன். கொஞ்ச நாளு மனுசனா இருந்து பாப்பம்னு நெனச்சேன்.” எத்தனையோ ஆயிரம் வீட்டுக்குப் பால் அனுப்பியவன் நான். பாலைப் பற்றி இப்படி ஒரு வார்த்தை கேட்டதில்லை. போர்வையை இழுத்துக் காலை மூடிவிட்டேன்.

ஆகவே மாப்பிள்ளை, இந்த மாமனாரின் விண்ணப்பம் இதுதான். பெண்ணைக் கொடுத்தவன் கேட்கிறேன். உங்கள் ஆராய்ச்சியை ஜோத்பூரில் வைத்துக்கொள்ளுங்கள். இனி இந்த ஊரில் ஒட்டகம் என்று வாய் திறக்க வேண்டாம். வாசகர் வட்டத்திலிருந்து கூப்பிட்டால் காய்ச்சல் என்று சொல்லிவிடுங்கள். தைக்கு வரும்போது யாராவது வழியில் நிறுத்திக் கேட்டால், வேலை மாறிவிட்டது, இப்போது கோழி என்று சொல்லுங்கள். கோழியைப் பற்றி இந்த ஊரில் யாருக்கும் எந்த நம்பிக்கையும் கிடையாது. நானும் நிம்மதியாகக் கண்ணை மூடுவேன்.

ராஜிக்கு என் ஆசிகள். இருவரும் நீடூழி வாழ்ந்து, சீக்கிரமே எங்களைத் தாத்தா ஆச்சி ஆக்க வேண்டும் என்பது அத்தை எழுதச் சொன்னது. வெயிலில் அலைய வேண்டாம் என்பது நான் எழுதுவது.

இப்படிக்கு,
களைத்துப்போன உங்கள் மாமனார்,
கோமதிசங்கர்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் தேவசிகாமணி ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக இங்கேதான். இதை முழுதும் வாங்கிப் படித்துவிட்டு, “கோழின்னு பொய் சொல்லச் சொல்லுதீராக்கும்?” என்று என்னைப் பிடித்துக்கொண்டார். பிறகு கம்பைச் சுவரில் சாத்திவிட்டு, “எழுதும்வே. மாப்பிள்ளையக் கட்டாயம் வரச்சொல்லும். இந்த வாட்டி பின்பாதிய முதல்ல பேசட்டும். அவரு திரையில படத்தக் காட்டட்டும். நான் மேடையில ஏறி என் காலக் காட்டுதேன்” என்றார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. மண்டபத்துக்குச் சொல்லிவிட்டேன். மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிட்டு, தையில் பேச்சுக்குத் தயாராக வாருங்கள்.