ஏலகிரிக்கு எடுத்த டிக்கெட்

வெள்ளிக்கிழமை அரசு விடுமுறை. கூடவே சனி, ஞாயிறு. சென்னையில இருந்து ட்ரெயின்ல போய்ட்டு வர்ற மாதிரி ஒரு ஊரைத் தேர்ந்தெடுக்கணும். அந்தப் பொறுப்பு எனக்கு வந்துச்சு.

நிபந்தனை ஒண்ணே ஒண்ணுதான். என் வீட்டுக்காரர் டேவிட் போட்டது. "ஆம்பூரா மட்டும் இருக்கக்கூடாது."

ஆம்பூர் எங்கம்மா வீடு. அப்பா போனதுக்கு அப்புறம் அம்மா அங்க தனியா இருக்காங்க, ஷூ கம்பெனியில வேலை. கல்யாணம் ஆன நாள்ல இருந்து எங்களுக்கு லீவுன்னா ஆம்பூர்தான். கிறிஸ்துமஸ், ஈஸ்டர், தேர்தல், புயல், எதுக்கு லீவு விட்டாலும் நாங்க பையோட சென்ட்ரல்ல நிப்போம்.

டேவிட்டுக்கு மாமியார் மேல கோபம் எல்லாம் கிடையாது. பிரச்சினை சாப்பாடு. மாப்பிள்ளை வாய் சும்மா இருந்தா அம்மாவுக்கு அது கௌரவக் குறைச்சல். காலையில இட்லி, பாயா. அது இறங்குறதுக்குள்ள சுண்டல். மத்தியானம் பிரியாணி. மத்தியானம் சரியாவே சாப்பிடலைன்னு சாயங்காலம் போண்டா. கண்ணசந்தா எழுப்பி பால் குடுப்பாங்க. ஒரு தடவை மனுஷன் தப்பிக்கிறதுக்காக பாத்ரூம்ல போய் உக்காந்து பேப்பர் படிச்சிட்டு இருந்தார். அம்மா கதவைத் தட்டி, வயிறு சரியில்லையா, கஷாயம் வைக்கட்டுமான்னு கேட்டாங்க.

"ஜெனி, ஒரே ஒரு தடவை. சாப்டீங்களான்னு யாரும் கேக்காத ஊருக்குப் போலாம்"னார் டேவிட். குரல் லேசா தழுதழுத்துச்சு. எனக்கே பாவமா போச்சு.

சரின்னு போன்ல டிக்கெட் ஆப்பைத் திறந்தேன்.

மைசூர், வெயிட்டிங் லிஸ்ட். ஊட்டி, பாதி சென்னை அங்கதான் போகுது. ராமேஸ்வரம், போய் இறங்கி ஒரு போட்டோ எடுத்துட்டு திரும்பி ஏறணும். கொடைக்கானலுக்கு ட்ரெயினே கிடையாதுங்கிறது எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

என் ரயில் அறிவைப் பத்தியும் சொல்லிடணும். எனக்குத் தெரிஞ்ச இந்தியா சென்ட்ரல்ல ஆரம்பிச்சு, அரக்கோணம், காட்பாடி, ஆம்பூர் வழியா போய் ஜோலார்பேட்டையில முடிஞ்சிடும். அதுக்கு அந்தாண்ட இருக்கிறது எல்லாம் வெளிநாடு. கடைசியில என் விரல் தானா ஜோலார்பேட்டை மேல போய் நின்னுச்சு. அங்க இறங்கி பஸ் பிடிச்சா ஏலகிரி மலை. குளிர், ஏரி, படகு. டிக்கெட்டும் இருந்துச்சு, ரூமும் கிடைச்சுது.

டேவிட் ஸ்டேஷன் பேரையெல்லாம் விரலை வெச்சுப் படிச்சார். வழியில ஆம்பூர் வருதேன்னார்.

வரும், போய்டும், நாம உள்ளயே உக்காந்திருப்போம்னு தைரியம் சொன்னேன்.

அடுத்தது அம்மாகிட்ட சொல்ற வேலை. ரொம்பப் பயந்துகிட்டே போன் பண்ணேன். இந்த லீவுக்கு வரலம்மா, ஏலகிரிக்குப் போறோம்னேன். அம்மா திருப்பிக் கேட்டாங்க.

"கண்டிப்பா வர்லயா?"

"இல்லம்மா."

"நடுவுல கூட வரமாட்டீங்கல்ல?"

தாங்க முடியாம வெச்சிட்டேன். பெத்தவளை இப்படி ஏங்க வெச்சிட்டோமேன்னு அன்னைக்கு எனக்குச் சோறே இறங்கல.

வெள்ளிக்கிழமை காலையில ட்ரெயின் ஏறினோம். ஜன்னல் சீட்டு. அரக்கோணத்துல வடை வந்துச்சு. டேவிட் வேணாம்னார். வடைக்காரரும் சரின்னு போய்ட்டார். ஒருத்தர் வேணாம்னா இன்னொருத்தர் விட்டுடற அந்த சுகத்தை மனுஷன் கண்ணை மூடி அனுபவிச்சார். காட்பாடி தாண்டினதும் நான் தூங்கிட்டேன்.

என் மூக்குதான் முதல்ல முழிச்சுது.

ஆம்பூர் வர்றதுக்கு முன்னாடியே, தோல் பதனிடுற டேனரி வாசனை ஜன்னல் வழியா வந்துடும். வெளியூர்க்காரங்க கர்சீப்பை எடுப்பாங்க. நான் பையை எடுப்பேன். சின்ன வயசுல இருந்தே அப்படித்தான் பழக்கம். கண்ணைக் கூடச் சரியாத் திறக்காம எழுந்தேன். மேல இருந்த பையை இறக்கினேன். சீட்டுக்கு அடியில இருந்த செருப்பை மாட்டினேன். வழியில நின்னவரை நகரச் சொன்னேன். வண்டி நின்னதும் இறங்கினேன். பின்னாடியே இன்னொரு பையோட டேவிட்டும் இறங்கினார்.

நாலு எட்டு நடந்தோம். ஆட்டோவுல போலாமா, நடந்துடலாமான்னு கூட கேட்டார். அப்புறம் நின்னார்.

"ஜெனி, இது ஆம்பூர்."

"ஆமா, பின்ன."

"நாம ஏலகிரி போறோம்."

திரும்பிப் பார்த்தேன். கடைசிப் பெட்டி பிளாட்பாரத்தைத் தாண்டி நிதானமா போய்ட்டு இருந்துச்சு.

இது நீ போட்ட பிளான்தானேன்னு கேட்டார். பைபிள் மேல சத்தியமா இல்லைன்னேன். பைபிள் வீட்டுல இருக்குன்னார். எனக்குக் கோபம் வந்துடுச்சு. நானாவது தூக்கத்துல இறங்கினேன், நீங்க முழிச்சிட்டுதானே இருந்தீங்க, நீங்க ஏன் இறங்கினீங்கன்னு கேட்டேன்.

ரொம்ப யோசிச்சார். "நீ எறங்குன"ன்னார்.

எங்க குடும்பத்துல எல்லா முடிவும் இப்படித்தான் எடுக்கிறோம்னு நினைக்கிறேன்.

இனி ஒரே வழி. பஸ் ஸ்டாண்டுக்குப் போய் திருப்பத்தூர் பஸ் பிடிச்சு, அங்க இருந்து மலை ஏறணும். ஆனா ஸ்டேஷனை விட்டு யார் கண்ணுலயும் படாம வெளிய போகணும். ஆம்பூர்ல என்னை ஒருத்தர் பார்த்தாப் போதும், நான் தெருமுனைக்கு வர்றதுக்குள்ள அம்மா அரிசி களைஞ்சிருப்பாங்க. துப்பட்டாவை முக்காடு போட்டேன். டேவிட் மாஸ்க் மாட்டினார். தலையைக் குனிஞ்சுகிட்டே படியேறி அந்தப் பக்கத்துப் பிளாட்பாரத்துல இறங்கினோம்.

அங்க பெஞ்சுல நாலு பொம்பளைங்க. எல்லாரும் சுடிதார், கூலிங் கிளாஸ், ஒரே சிரிப்பு. அதுல ஒருத்தர் அப்படியே எங்கம்மா ஜாடை. ஆனா எங்கம்மா பொறந்ததுல இருந்து புடவைதான். சரி, உலகத்துல ஒரே மாதிரி ஏழு பேர் இருப்பாங்கன்னு சொல்வாங்களேன்னு நினைச்சேன்.

அந்தம்மா என்னைப் பார்த்தாங்க. சிரிப்பு அப்படியே நின்னுச்சு. கண்ணாடியைக் கழட்டி, பக்கத்துல இருந்தவங்க முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சாங்க.

முதுகு ஷகிலா அக்காவோடது. ஷூ கம்பெனியில அம்மாவோட ஒரே லைன்ல வேலை பாக்குறவங்க. அவங்க என்னைப் பார்த்துட்டு அம்மா பக்கம் திரும்பினாங்க.

"இன்னாடி, வரமாட்டாங்கன்னு சொன்ன?"

அம்மா மெதுவா வெளிய வந்தாங்க. "ஏலகிரின்னு சொன்னியே ஜெனி"ன்னாங்க. தப்பு பண்ணது நான்தான்னு எனக்கே ஒரு நிமிஷம் தோணிடுச்சு.

எங்க போறீங்கம்மான்னு கேட்டேன். மெட்ராஸுக்குன்னாங்க. எங்க வீட்டுக்கான்னு கேட்டேன். இல்லைன்னாங்க. ராயப்பேட்டையில ஷகிலா அக்காவோட தங்கச்சி வீட்டுல தங்கறாங்களாம். மெட்ரோவுல ஏறணுமாம். பீச்சுல பஜ்ஜி சாப்பிடணுமாம்.

"எங்கிட்ட சொல்லவே இல்லியேம்மா."

அம்மா கைப்பையோட ஜிப்பைத் திறந்து திறந்து மூடினாங்க. "நீங்க இங்க வந்தா நான் அடுப்புகிட்ட நிக்கணும். நான் உன் வூட்டுக்கு வந்தாலும் அடுப்புகிட்டதான் நிக்கணும். கம்பெனியில டார்கெட், வூட்லயும் டார்கெட். ஒரு வாட்டி கடலைப் பாத்துக்குனு சும்மா ஒக்காரலாம்னு ஆசையா இருந்திச்சி."

லீவு விட்டா அம்மாவைப் பார்க்க ஓடி வர்ற பொண்ணுன்னு எனக்கு என் மேல ஒரு பெருமை உண்டு. அம்மாவுக்கு லீவே விடலைங்கிறது தோணவே இல்ல. போன்ல வரமாட்டீங்கல்லன்னு ஏன் ரெண்டு தடவை கேட்டாங்கன்னு அப்பத்தான் புரிஞ்சுது.

அம்மா அதுக்குள்ள பையைத் தூக்கித் தோள்ல மாட்டிட்டாங்க. மாப்பிள்ளை வந்து நிக்கும்போது எப்படிப் போறது, மார்க்கெட்ல மீன் இருக்கும், வாங்கன்னு நடக்க ஆரம்பிச்சாங்க. பெஞ்சுல இருந்த மூணு பேர் முகமும் செத்துப் போச்சு.

டேவிட் மாஸ்க்கைக் கழட்டினார்.

"அத்தை, நாங்க வரவே இல்ல. நீங்க எங்களைப் பாக்கவும் இல்ல. ட்ரெயின் வரப்போகுது, உக்காருங்க."

"உங்க சாப்பாடு தம்பி?"

"வேணாம் அத்தை."

இத்தனை வருஷமா அவர் சொன்ன எல்லா வேணாமும் அந்த ஒரு வேணாம்ல இருந்துச்சு. அம்மா அவரையே பார்த்துட்டு நின்னாங்க. அப்புறம் பையை இறக்கி வெச்சாங்க.

அதோட விட்டிருக்கலாம். டேவிட்டுக்கு என்னமோ உதிச்சிருக்கு.

"அப்ப வீட்டுல யாருமே இருக்க மாட்டாங்களா அத்தை?"

யாரும் இல்லைன்னாங்க அம்மா.

"ஞாயித்துக்கிழமை வரைக்குமா?"

ஆமான்னாங்க. அவர் முகத்தைப் பார்த்து அம்மாவுக்கு எல்லாம் விளங்கிடுச்சு. வீட்டுச் சாவியை எடுத்து அவர் கையில குடுத்தாங்க. நானும் சும்மா இருக்காம எங்க வீட்டுச் சாவியை நீட்டி, எதுக்கும்மா அடுத்தவங்க வீடு, எல்லாரும் நம்ம வீட்டுலயே தங்கிக்கோங்கன்னேன்.

"வேணாம்டி. உன் வூட்டு சிங்க்கை நான் பாத்திருக்கேன்"னாங்க அம்மா.

ட்ரெயின் வந்துச்சு. நாலு பேரும் ஏறினாங்க. அம்மா கூலிங் கிளாஸை மாட்டிக்கிட்டு ஜன்னல் வழியா கை காட்டினாங்க. எனக்கு இல்ல, டேவிட்டுக்கு.

ஏலகிரி ரூமை போன்லயே கேன்சல் பண்ணேன். அந்த வீட்டுல டேவிட் ஃபேனுக்குக் கீழ பாயைப் போட்டுப் படுத்தவர்தான். தூங்கினார், முழிச்சார், மறுபடியும் தூங்கினார். பசிச்சப்போ அவரா எழுந்து கடைக்குப் போய் ரெண்டு இட்லி சாப்பிட்டு வந்தார். ரெண்டே ரெண்டுதான்னு எங்கிட்ட சந்தோஷமா சொன்னார். சனிக்கிழமை மத்தியானம் வாய் தவறி சாப்டீங்களான்னு கேட்டுட்டேன். பாயைச் சுருட்டிக்கிட்டு மொட்டை மாடிக்குப் போய்ட்டார்.

அம்மா கடல் அலையில கால் நனைச்ச போட்டோ அனுப்பினாங்க. சாப்டீங்களான்னு கேட்டு மெசேஜ் எதுவும் இல்ல. போட்டோவை ரொம்ப நேரம் பெருசு பண்ணிப் பார்த்துட்டு இருந்தேன். நல்லாத்தான் இருந்தாங்க.

லீவுக்கு எங்க போகலாம்னு இப்பல்லாம் நான் ஆப்பைத் திறக்கிறதில்ல. ஆம்பூர் வீடு எப்ப காலியா இருக்கும்னு என் வீட்டுக்காரரும் எங்கம்மாவும் நேரா போன்ல பேசி முடிவு பண்ணிக்கிறாங்க. எனக்குத் தேதியை மட்டும் சொல்லிடறாங்க.