மாயாண்டி நடிகரான வரலாறும் லீவு கேட்ட காட்சியும்

ஒரு கொத்தனார் ஹாலிவுட் நடிகராக உயர முடியுமா என்று ஐயுறுவோரின் மேலான கவனத்துக்கு இவ்வரலாறு சமர்ப்பிக்கப்படுகிறது. 1977-இல், அபுதாபிக்கு வெளியே ஒரு கட்டடக் கம்பெனியின் கேம்ப்பில் இருந்த முதுகுளத்தூர் மாயாண்டி அதைச் செய்து காட்டினார். அதற்காக அவர் ஹாலிவுட்டுக்குப் போகவில்லை. ஹாலிவுட்தான் அவரிடம் வந்தது.

யுத்தப் படம் எடுக்க வந்த அமெரிக்கர்களுக்கு மணலில் கிடக்கப் பிணங்கள் தேவைப்பட்டன. கம்பெனி ஒரு லாரி ஆட்களை அனுப்பி வைத்தது. மற்றவர்கள் வெயில் தாங்காமல் நெளிந்தார்கள், ஈ விரட்டினார்கள். முந்தைய ராத்திரி முழுக்க கான்கிரீட் போட்டிருந்த மாயாண்டி, படுத்ததும் தூங்கிவிட்டார். டைரக்டர் சொக்கிப்போனார். ஊருக்குக் கிளம்பும்போது கம்பெனி மேனேஜர் பத்மநாபனின் கையைக் குலுக்கி, "உங்கள் ஆள் பெரிய நடிகர்" என்று சொல்லித் தொலைத்தார்.

பத்மநாபன் சட்டத்துக்குப் பயந்தவர். விசாவில் மேசன் என்றிருக்கும் ஒருவர் நடிகராக இருப்பது குற்றமல்லவா? ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி மாயாண்டியின் தொழிலை 'நடிகர்' என்று மாற்றிவிட்டுத்தான் ஓய்ந்தார்.

அப்போதுதான் மாயாண்டிக்கு லீவு வந்தது. மனைவி சரசு மாசமாக இருந்தபோது விமானம் ஏறியவர். அந்தப் பிள்ளை இப்போது ஓடுகிறது, பேசுகிறது. அவர் இன்னும் பார்க்கவில்லை.

"சார், அடுத்த மாசம் என் லீவு."

"மேசனுக்கு லீவு உண்டு. கார்ப்பெண்டருக்கு உண்டு. நடிகருக்குன்னு கம்பெனி ரூல்ல ஒரு வரிகூட இல்லையே, மாயாண்டி சார்!"

'ஏம்ப்பா' போய் 'சார்' வந்திருந்தது. மாயாண்டி அவசரமாகப் பதவியைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார்.

"அப்ப பழையபடி கொத்தனாராவே ஆக்கிருங்க சார்."

"பதவியிலேருந்து இறக்கணும்னா நீங்க ஏதாவது தப்பு பண்ணியிருக்கணும். பண்ணினீங்களா?"

"இல்ல சார்."

"அப்புறம்?"

இதற்குப் பதில் எனக்கும் இன்றுவரை தெரியவில்லை. நடிகர் பூச்சுவேலை செய்வது சட்டவிரோதம் என்பதால் டியூட்டியும் நின்றது. அவர் கரணையைத் தொட்டால் ஃபோர்மேன் ஓடிவந்து பிடுங்கினார்.

செய்தி நகரத்துக்கும் பரவியது. என்ஜினீயர்கள் மாயாண்டி பாணியில் பெல்பாட்டத்தில் சிமெண்டைத் தூவிக்கொண்டு ஆபீஸ் போனார்கள். பத்மநாபனின் மனைவி ஜலஜா, கணவர் தலையில் தினமும் ஒரு பிடி மணலைப் போட்டு, "இப்பத்தான் ஹாலிவுட் களை வந்திருக்கு" என்று அனுப்பிவைத்தார். கேம்ப் ஆட்களை அதுவரை வாசலோடு நிறுத்திய தமிழ்ச் சங்கம், மாயாண்டியை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தி, 'ஹாலிவுட் கொண்டான்' என்ற பட்டத்தையும் வழங்கி மகிழ்ந்தது.

ஏற்புரைக்காக மைக்கைப் பிடித்தார் மாயாண்டி.

"ஐயா, எனக்கு லீவு குடுங்கய்யா. எம் மக மூஞ்சிய நான் இன்னும் பாக்கல. போட்டோவக் காட்டித்தான் சரசு அவளுக்கு 'இதுதான் அப்பா'ன்னு சொல்லிக் குடுக்குறாளாம்..."

அழுதார்.

கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

"கிளிசரின்கூட இல்லாம!" என்றார் ஒரு டாக்டர்.

"ஒன்ஸ்மோர்!" என்று பின்வரிசை கத்தியது.

இந்தத் தடவையாவது காதில் விழும் என்று நம்பி மாயாண்டி மறுபடியும் கேட்டார். மறுபடியும் அழுதார். முதல் தடவையைவிட இது இயல்பாக இருந்ததாக எல்லோரும் ஒருமனதாக ஒப்புக்கொண்டார்கள்.

அன்று எல்லோரையும்விட அதிகம் அழுதவர் பத்மநாபன். ஊட்டி கான்வென்ட்டில் விட்டிருந்த மகளின் ஞாபகம் வந்துவிட்டது. அந்த வாரமே ஜலஜாவோடு ஊருக்குக் கிளம்பிவிட்டார். அவர்களுடைய பெட்டிகளை டாக்ஸியில் ஏற்றி வைத்தவர் மாயாண்டிதான். பெட்டி தூக்குவதும் நடிகருக்குச் சட்டவிரோதம். அவசரத்தில் மேனேஜர் அதைக் கவனிக்கவில்லை.

"சார், என் லீவு?"

பத்மநாபன் கார்க் கண்ணாடியை இறக்கினார். கண் இன்னும் கலங்கித்தான் இருந்தது.

"என் கண்ணைத் தொறந்தவரே நீங்கதான் சார். இனிமே நடிகருக்கும் லீவு உண்டு, ரூலையே மாத்தியாச்சு."

"அப்ப நான் கிளம்பலாமா?"

"கையெழுத்துப் போடவேண்டியவன் நான். நானே லீவுல போறேனே! திரும்பி வந்ததும் முதல் வேலை உங்களுதுதான். அதுவரைக்கும் வெள்ளிக்கிழமை தவறாம சங்கத்துல போய் அழுதுடுங்க. மத்தவங்களுக்கும் பிள்ளைகுட்டி ஞாபகம் வரணும் இல்லையா?"