மைக்ரோவோல்ட்டும் ஒரு ஊறுகாய் ஜாடியும்

ஊருக்கெல்லாம் கரண்ட் அனுப்புகிற நெய்வேலியில், "கரண்ட நிறுத்துங்க" என்று வீடு வீடாகக் கெஞ்சிய ஒரே ஜீவன் எங்கள் பிளாக்கின் மைக்ரோவோல்ட்தான். சொந்தப் பெயர் அவளுடைய ஆதார் அட்டைக்கு மட்டுமே தெரியும்.

பக்கத்து குவார்ட்டர்ஸ். பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே எலக்ட்ரானிக்ஸ் வேலை. அவள் அப்பா மைன்ஸில் ஆபரேட்டர். நடுக்குவாதம் வந்து, மூளைக்குள் மெல்லிய கம்பியும் நெஞ்சில் பேட்டரிப் பெட்டியும் வைத்திருந்தார்கள். பெட்டி ஓயாமல் மூளைக்குக் கரண்ட் விட்டது. கை நடுக்கம் நின்றது, பேச்சு குழறிப்போனது. கரண்டைக் குறைத்தால் பேச்சு வந்தது, கை ஆடியது. இரண்டில் ஒன்றுதான்.

"மூளைக்கு வேணுங்கறப்ப மட்டும் கரண்ட் போவணும் அங்கிள். அதுக்கு மொதல்ல மூளை சொல்றது காதுல வுழணும். அது மைக்ரோவோல்ட்டுல முணுமுணுக்குது. இந்தப் பெட்டி பக்கத்துலயே ஷிப்ட் சங்கு மாதிரி கத்திக்கினே இருக்கு."

அந்த முணுமுணுப்பைப் பிடிக்கும் சர்க்யூட்தான் அவள் வேலை. என் மனைவியிடம் ஊறுகாய் ஜாடியை இரவல் வாங்கி, உப்புத்தண்ணீர் ஊற்றி, கம்பிகளை விட்டு, "இதுதான் மூளை" என்றாள். கம்ப்யூட்டரிலிருந்து மூளையின் சிக்னல் போலவே ஒன்று அதற்குள் போகும்; அப்பாவுடையதைப் போல ஒரு பெட்டியும் அதற்குள் கரண்ட் விடும்.

அன்றோடு எங்கள் நிம்மதி போயிற்று. "ஆன்ட்டி, மிக்ஸிய நிறுத்துங்க, மூளை கேக்கல!" பாதி அரைபட்ட சட்னியில் தேங்காய்ச் சில்லைக் கடித்துக்கொண்டே டியூட்டிக்குப் போனேன். தன் வீட்டு இரும்பு பீரோவுக்குள் கரண்ட் இரைச்சல் வராது என்று பட்டுப்புடவைகளை வெளியே வீசி ஜாடியை உள்ளே வைத்தாள். ஜாடியைத் திரும்ப வாங்கப் போன என் மனைவி, ஏதோ பழைய தண்ணீர் என்று கவிழ்த்துவிட்டாள்.

"ஐயோ, மூளையக் கொட்டிட்டாங்க!"

பிளாக்கே ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தபடி ஓடி வந்தது.

பிறகு ஒரு மழை நாளில் கரண்ட் போனது. எல்லோரும் திட்ட, இவள் மட்டும் வராந்தாவில் குதித்தாள். "கேக்குது அங்கிள், கேக்குது!" பேட்டரியில் ஓடிய திரையில் புழு மாதிரி ஒரு கோடு நெளிந்தது. பெட்டி கத்தும்போதே மூளை பேசியது கேட்டதாம். அதை வைத்து சர்க்யூட்டைத் திருத்தினாள்; கரண்ட் வந்த பிறகும் கேட்டது. கேசரி கிண்டிக் கொடுத்தாள்.

கேசரிப் பாத்திரம் திரும்பிப் போவதற்குள் கம்பெனி அந்தத் திட்டத்தையே மூடிவிட்டது. வீடியோ காலில் சொல்லிவிட்டு, எல்லோருக்கும் வாழ்த்தும் சொன்னார்களாம்.

"அப்பாவுக்காகத்தானம்மா இவ்ளோ பாடுபட்ட?" என்றேன்.

"அப்பாவுக்கு ஆவாதுன்னு மொதல்லயே தெரியும் அங்கிள். சோதனை, அனுமதின்னு வருஷக்கணக்கா ஆவும். வேற யாரு அப்பாவுக்காவது ஆவட்டும்னுதான் செஞ்சேன். இப்ப அதுவும் இல்ல."

அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சொல்லித் தேற்றியிருக்கலாம்.

அப்பா ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்தார்கள். வடலூரில் வாடகை வீடு. அவளுக்கு இப்போது கார் ஸ்பீக்கர் கம்பெனியில் வேலை. சத்தம் பத்தவில்லை என்று திட்டுகிறார்களாம்.

காலி செய்த அன்று, வேன் கிளம்பும்போது அவள் அப்பா என் கையைப் பிடித்து ஏதோ கேட்டார். எனக்கு விளங்கவில்லை. அவள் அவர் வாயருகே காதை வைத்துப் பார்த்தாள். மறுபடியும் கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"எனக்கும் புரியல அங்கிள். ஆமான்னு சொல்லிடுங்க."

"ஆமாங்க" என்றேன். அவர் சிரித்தார்.

என்ன கேட்டாரோ. எதுவாயிருந்தாலும் அந்தப் பெண்ணுக்காக ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.